பெட்டி பழுதாகேல்ல, ட்ரைவர்தான் இல்லை

இப்ப இருபது வயதில இருக்கிற ஆக்களுக்கு ‘ரிவி கார்ட்’ எண்டால் என்னெண்டு தெரிஞ்சிருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு காலத்தில் கொம்பியூட்டர் வைத்திருந்த வீட்டில் அது ஒரு பெருமை. பெட்டியைக் கழற்றி உள்ளே ஒரு கார்ட்டைச் செருகி, பின்பக்கத்தில் அன்ரெனா வயரைக் கொழுவினால் மொனிட்டரிலேயே ரூபவாஹினி வரும். மஞ்சள் வயரைக் கொழுவினால் டெக்கில் ஓடுகிற வீடியோ கசெற்றும் வரும். வருவதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் பதியவும் ஏலும். பிறகு அதே வேலையைச் செய்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற யூஎஸ்பி கருவிகள் வந்தன. இண்டைக்கு ரெண்டு வகையும் மேசை லாச்சிக்குள்ள, பழைய சார்ஜர்களோட சேர்ந்து கிடக்கு.

ஏன் பாவிக்கிறேல்ல எண்டு கேட்டால் வாற பதில் ஒண்டுதான்: “அது பழசு, இப்ப வேலை செய்யாது.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தோடு சண்டை பிடிக்க எழுதினது. லாச்சியில் கிடக்கிற பல கார்ட்களில் எதுவும் எரியவில்லை, எதுவும் உடையவில்லை. கருவி அப்படியே இருக்கிறது. அதோடு பேசுவதற்கு எழுதின மென்பொருளைத்தான் கம்பனி கைவிட்டுவிட்டது. அந்த மென்பொருளை வேறு யாராவது எடுத்துத் திருத்தி எழுத வழி இருந்தால் கருவி பிழைக்கும். இல்லாவிட்டால் நல்ல சாமான் குப்பைக்குப் போகும். ஆகவே ஒரு கருவியை வாங்கும்போது அதன் ட்ரைவர் யாருடைய கையில் இருக்கிறது என்பதும் விலையைப் போலவே கேட்கவேண்டிய கேள்வி என்பது என்னுடைய கருத்து.

ட்ரைவர் எண்டால் என்னெண்டு ஒருக்காச் சொல்லிவிட்டுப் போறன். விண்டோஸோ லினக்ஸோ, அதுக்கும் கருவிக்கும் நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர்தான் ட்ரைவர். கார்ட்டில் இருக்கிற சிப்பில் எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் படம் வரும், எதை எழுதினால் சத்தம் வரும், சனலை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அதுக்குத்தான் தெரியும். விண்டோஸுக்கான ட்ரைவரைக் கம்பனியே எழுதி, ஓடுகிற பைலை மட்டும் ஒரு சீடியில் போட்டுத் தரும். மூலநிரலைத் தராது. எக்ஸ்பி காலத்தில் எழுதின 32 பிட் ட்ரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது. விஸ்டாவின் 64 பிட் பதிப்பில் இருந்து ட்ரைவருக்கு இலக்கக் கையொப்பமும் கட்டாயம். அப்ப கம்பனி புதுசா எழுத வேணும். ஏன் எழுதும்? அந்தக் கார்ட்டை வித்துக் காசும் எடுத்தாச்சு. பழைய கார்ட்டுக்குப் புது ட்ரைவர் எழுதினால் ஒரு சதமும் வராது. புதுக் கார்ட் வித்தால் வரும். கம்பனிக்காரர் கெட்டவர்கள் எண்டு சொல்ல வரேல்ல. கணக்கு அப்படி.

எங்களுக்கு இதில என்ன?

இதெல்லாம் கொம்பியூட்டர்ப் பைத்தியங்களின் பிரச்சினை எண்டு நினைக்கிறவை வீட்டு அலுமாரிக்கு மேல ஒருக்காப் பாருங்கோ. கலியாண வீட்டுக் கொப்பி, சாமத்திய வீட்டுக் கொப்பி, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பவெண்டு எடுத்தது, அவர்கள் அங்கயிருந்து அனுப்பினது. கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் பிடித்து டெக்கில் படம் பார்த்த தலைமுறை தன்னுடைய வாழ்க்கையையும் அதே வீஎச்எஸ் கசெற்றில்தான் பதிஞ்சு வைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்களில், இல்லாமல் போன ஒரு ஆளின் நடையும் சிரிப்பும் மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அப்படியான ஒரு கசெற்றாக இருக்கலாம்.

அந்தக் கசெற்றுக்கு வயது போகிறது. காந்த நாடா காலத்தோடு பழுதாகும். எங்கட நாட்டு ஈரக்காற்றுக்கு அதில் பூஞ்சணமும் பிடிக்கும். டெக்கும் இனிப் புதுசா வராது. உலகத்தில் கடைசியாக வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த யப்பானின் ஃபுனாய் கம்பனி 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து ஒரு எச்சரிக்கை விட்டன: 2025ஐ ஒட்டி, நாடாவை ஓட்டுகிற கருவிகளும் உதிரிப்பாகங்களும் அவற்றைத் திருத்தத் தெரிந்த ஆட்களும் கிடைப்பது மிக அரிதாகிவிடும் எண்டு. அந்தக் கெடு வந்து நிற்கிறது.

கசெற்றைக் காப்பாற்ற மூன்று சாமான் வேண்டும். ஓடக்கூடிய நாடா, ஓட்டக்கூடிய டெக், டெக்கில் இருந்து வருகிற படத்தை கொம்பியூட்டருக்குள் எடுக்கிற ரிவி கார்ட். முதல் இரண்டும் உண்மையிலேயே அருமைப்பட்டுக்கொண்டு போகின்றன. மூன்றாவது ஊரெல்லாம் கிடக்கிறது. கிடக்கிற அந்த ஒன்றையும் ட்ரைவர் இல்லை என்ற காரணத்துக்காக வீசிவிட்டு, டொலர் கொடுத்து இன்னொன்றை இறக்குவது எந்த ஊர் நியாயம்? 2022இல் டொலர் இல்லாமல் நாடு பட்ட பாட்டைப் பார்த்த எங்களுக்கு இதை ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஒரு சிப், நூற்றைம்பது கார்ட்

திறந்த மூல ட்ரைவர் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நல்ல கதை ‘பிடிடிவி’. 1990களின் நடுவில் புரூக்ட்ரீ என்ற அமெரிக்கக் கம்பனி பிடி848 என்றொரு சிப்பைச் செய்தது. பிறகு அதன் தம்பி பிடி878 வந்தது. ரிவி சிக்னலை இலக்கமாக்கி, நேராக கொம்பியூட்டரின் நினைவகத்துக்குள் தள்ளிவிடுகிற சிப்புகள் இவை. மலிவு என்பதால் பல கம்பனிகள் இவற்றை வாங்கி, தங்கள் தங்கள் பெயரில் கார்ட் செய்து விற்றன. புரூக்ட்ரீயை 1996இல் ரொக்வெல் வாங்கியது. பிறகு அந்தப் பிரிவு கொனெக்ஸன்ட் என்ற தனிக் கம்பனியாகப் பிரிந்தது. இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிற ஒரு சாமானுக்கு இருபது வருசம் கழிச்சு ட்ரைவர் தாங்கோ எண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

லினக்ஸில் அந்தக் கேள்வி எழவில்லை. ரால்ஃப் மெட்ஸ்லர் இந்தச் சிப்புக்கு ஒரு ட்ரைவர் எழுதத் தொடங்கினார். பிறகு கெர்ட் க்னோர் அதைப் பல ஆண்டுகள் பராமரித்தார். ‘வீடியோ ஃபோர் லினக்ஸ்’ என்ற பொது ஒழுங்கும் வளர்ந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2002இல் கேர்னலுக்குள் சேர்ந்தது. இந்த ஒழுங்கால் என்ன லாபம் எண்டால், படம் பார்க்கிற மென்பொருளுக்கு உள்ளே இருப்பது எந்தக் கம்பனியின் கார்ட் எண்டு தெரியத் தேவையில்லை. எல்லா ட்ரைவரும் ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும்.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச இடம் வேறு. சிப் ஒன்றாக இருந்தாலும் கார்ட் ஒன்று இல்லை. ஒரு கம்பனி ஒரு ட்யூனரைப் போடும், இன்னொன்று வேறு ட்யூனர். ஒன்றில் சத்தத்துக்கான வயர் இங்கே, இன்னொன்றில் அங்கே. சில கார்ட்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாது. ஊமை மாதிரி இருக்கும். அதனால் பிடிடிவியில் ஒரு பட்டியல் வைத்தார்கள். பூச்சியம் எண்டால் ‘தெரியாத கார்ட்’. ஒன்று, இரண்டு, மூன்று எண்டு போய் நூற்றைம்பதைத் தாண்டி நிற்கிறது. உங்கட கார்ட் எது எண்டு அதற்குத் தெரியாவிட்டால் நீங்களே எண்ணைச் சொல்லி ட்ரைவரை ஏற்றலாம்.

அந்தப் பட்டியலை எந்தக் கம்பனியும் உட்கார்ந்து நிரப்பித் தரவில்லை. ஆரோ ஒருத்தர் தன்னுடைய கார்ட்டைக் கழற்றி, தகரமூடிக்கு மேல் எழுதியிருக்கிற ட்யூனர் எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு அமைப்பாகப் போட்டுப் பார்த்து, “எனக்கு இப்படிப் போட்டால் படம் வருது, சத்தமும் வருது” எண்டு எழுதி அனுப்பினதுதான் ஒரு வரியாகச் சேர்ந்தது. பெரிய நிரலாளர்கள் பத்துப்பேரும், ஒரு ஸ்குரூ ட்ரைவரும் பொறுமையும் இருந்த கனபேரும் சேர்ந்து கட்டின வீடு அது. கோயில் திருப்பணிக்கு ஆளுக்கு ஒரு கல் கொடுக்கிற மாதிரி.

அந்த வீடு இன்னும் நிற்கிறது. கேர்னலுக்குள் வீடியோவைக் கையாளுகிற ஒரு பழைய பகுதியை நீக்க முடிவெடுத்தபோது, அதில் தங்கியிருந்த பிடிடிவியும் வெளியே போகவேண்டிய பட்டியலுக்கு வந்தது. 2023இல் ஒரு நிரலாளர் அதைப் புதிய முறைக்கு மாற்றி எழுதிக் காப்பாற்றினார். ஏறக்குறைய 27 வருசம் பழைய சிப். செய்த கம்பனியின் பெயரே இல்லாமல் போய்விட்டது. ட்ரைவருக்கு இப்பவும் ஆள் இருக்கு.

ஒரே பெட்டிக்குள் நாலு சிப்

பிடிடிவி பழங்கதை எண்டால், ‘ஈசிகப்’ எங்கட காலத்துக் கதை. கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் கொழுவிற வால். கசெற்றைக் கொம்பியூட்டருக்கு மாத்தப் போறன் எண்டு சொன்னால் கடையில் எடுத்துத் தருகிற மலிவான சாமான் இதுதான்.

இதில் ஒரு பகிடி இருக்கு. பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, உள்ளே இருக்கிற சிப் வேறு வேறு. ஒன்றில் சின்ரெக்கின் எஸ்ரிகே1160 இருக்கும். இன்னொன்றில் எம்பியாவின் ஈஎம்2860. இன்னொன்றில் சோமஜிக். மற்றதில் ஃபுஷிகாயின் யூரிவி007. பெட்டியைப் பார்த்து எது எண்டு சொல்ல ஏலாது. ஆகவே ஒரு பெட்டியோடு வந்த சீடியில் இருக்கிற ட்ரைவர், அதே மாதிரியே இருக்கிற மற்றப் பெட்டிக்கு வேலை செய்யாது. சீடியைத் துலைச்சால் கதை முடிஞ்சுது. நண்பன் ஒருத்தன் தன்ர அம்மம்மாவின் அறுபதாம் கலியாணக் கொப்பியை மாத்தவெண்டு இப்படி ஒன்றை வாங்கினான். பெட்டிக்குள்ள இருந்தது உள்ளங்கையளவு சின்னச் சீடி. அவன்ர லப்டொப்பில் சீடி போடுற இடமே இல்லை. கடைக்காரரைக் கேட்டால் “தம்பி, நெற்றில தேடி எடுங்கோ” எண்டார். தேடினால் வாறதெல்லாம் வைரஸ் எதெண்டு, ட்ரைவர் எதெண்டு தெரியாத பக்கங்கள். கடைசியில் ஒரு யூஎஸ்பி குச்சியில் லினக்ஸைப் போட்டு, லப்டொப்பை அதில் இருந்து ஓட்டி, கறுப்புப் பெட்டியைச் செருகினோம். சீடி கேக்கேல்ல, ஒண்டும் இறக்கேல்ல. யூரிவி007 எண்டு அதுவே கண்டுபிடிச்சுது. கொஞ்ச நேரத்தில் அம்மம்மா திரையில் நிண்டா.

இந்த ‘அதுவே கண்டுபிடிச்சுது’ என்பதற்குப் பின்னால் ஆரோ ஒருத்தரின் இரவுகள் இருக்கின்றன. இப்படியான மலிவுச் சிப்புகளுக்குக் கம்பனிகள் ஆவணம் தருவது அபூர்வம். எழுதுகிறவர் என்ன செய்வார்? விண்டோஸில் கம்பனியின் ட்ரைவரை ஓடவிட்டு, யூஎஸ்பி வயரில் போய்வருகிற எண்களை எல்லாம் பதிந்து வைப்பார். பக்கத்து அறையில் ரெண்டு பேர் தெரியாத பாஷையில் கதைக்கிறதை ஒட்டுக்கேட்டு, அந்தப் பாஷையைப் படிக்கிற மாதிரி. யூரிவி007க்கான ட்ரைவரின் நிரலைத் திறந்து பாருங்கள். ‘இந்த எண்கள் கருவியை இயங்கவைப்பதாகத் தெரிகிறது’, ‘இவை வெளிச்சம் போன்ற நிற அளவுகளைப் பாதிப்பதாகத் தெரிகிறது’ என்ற தொனியில் குறிப்புகள் இருக்கும். தெரிகிறது, அவ்வளவுதான். நிச்சயமாகத் தெரிந்தவர்கள் சொல்லித் தரவில்லை. அந்த ட்ரைவர் 2013இல் லினக்ஸ் 3.11 பதிப்போடு கேர்னலுக்குள் சேர்ந்தது. எஸ்ரிகே1160க்கான புதிய ட்ரைவர் அதுக்கு முதல் வருசம் 3.7இல் சேர்ந்தது. சோமஜிக் சிப்புக்கு அந்த அளவுக்கு அதிர்ஷ்டம் இல்லை. ஒரே பெட்டி, ஒரே விலை. உள்ளே எது என்பதைப் பொறுத்து ஒன்றுக்கு நீண்ட ஆயுள், மற்றதுக்குக் குறுகிய ஆயுள்.

இன்னொரு விசயமும் எங்கட வீடுகளுக்கு நேராகப் பொருந்தும். இலங்கையில் ரிவி ‘பால்’ முறை: 625 கோடு, செக்கனுக்கு 25 படம். கனடாவில் இருந்தது ‘என்ரிஎஸ்சி’: 525 கோடு, செக்கனுக்கு ஏறக்குறைய 30 படம். பிரான்சில் இருந்தது ‘செக்காம்’. ரொறன்ரோவில் நடந்த கலியாணக் கொப்பியை இங்கத்தைய பழைய டெக்கில் போட்டால் படம் உருண்டு ஓடினதும், நிறம் இல்லாமல் கறுப்பு வெள்ளையாக வந்ததும் மூத்த ஆக்களுக்கு நினைவிருக்கும். ஒரே குடும்பத்தின் கசெற்கள் மூன்று நாட்டு முறையில் இருக்கலாம். லினக்ஸின் வீடியோ ஒழுங்கில் இந்த முறைகள் எல்லாம், பிரேசிலில் பாவித்த ‘பால்-எம்’ வரை, ஒரே பட்டியலில் இருக்கின்றன. சிப்பால் ஏலுமெண்டால் எதைத் தெரிவது என்பது உங்கட கையில். எந்த நாட்டுச் சந்தைக்கு எதை விடுவது எண்டு ஒரு கம்பனி அதை முடிவு செய்யேல்ல.

சட்டம் போட்டும் பார்த்தார்கள்

இதுவரைக்கும் சொன்னது கம்பனிகளின் அசட்டை. அசட்டையோடு நிற்காமல், ரிவி கார்ட்டுக்குத் திறந்த மூல ட்ரைவர் எழுதுவதையே சட்டத்தால் அடைக்கப் பார்த்த சம்பவமும் நடந்திருக்கிறது. அது அமெரிக்காவில்.

2003 நவம்பரில் அந்த நாட்டின் தொலைத்தொடர்பு ஆணைக்குழு ‘ஒளிபரப்புக் கொடி’ என்றொரு விதியைக் கொண்டுவந்தது. இலக்க முறையில் ஒளிபரப்பாகிற நிகழ்ச்சியோடு ஒரு அடையாளம் சேர்ந்து வரும். அந்த அடையாளம் இருந்தால் பதிவு செய்வதையும் பகிர்வதையும் கருவி கட்டுப்படுத்த வேண்டும். 2005 ஜூலை 1இல் இருந்து தயாரிக்கிற கருவிகள் எல்லாம் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். அதோடு, பாவிப்பவர் அந்தக் கட்டுப்பாட்டை இலகுவில் மாற்ற முடியாதபடி கருவியைச் செய்ய வேண்டும். கடைசி நிபந்தனையைத் திருப்பி வாசியுங்கோ. பாவிப்பவர் மாற்றக்கூடியதாக இருப்பதுதானே திறந்த மூலம்? ஆகவே திறந்த மூல ட்ரைவரோடு ஓடுகிற இலக்க ரிவி கார்ட் அந்த விதியின் கீழ் நடைமுறையில் சாத்தியமில்லை.

எதிர்த்தவர்களில் முன்னுக்கு நின்றது அமெரிக்க நூலகச் சங்கம். ஒரு ரிவி கார்ட் விசயத்துக்கு நூலகர்கள் ஏன் நீதிமன்றம் போனார்கள் எண்டு யோசித்துப் பாருங்கோ. பதிந்து வைக்கிற உரிமை போனால் சேர்த்து வைக்கிற உரிமையும் போகும் எண்டு அவர்களுக்கு விளங்கினது. மின்னியல் எல்லை அறக்கட்டளை, கெடுவுக்கு முதலே லினக்ஸில் ஓடுகிற கார்ட்களை வாங்கி வைக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது. 2005 மே மாதம், விதி நடைமுறைக்கு வர இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், வொஷிங்டனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணைக்குழுவுக்கு அப்படி ஒரு விதி போட அதிகாரமே இல்லை எண்டு தீர்ப்புச் சொன்னது.

செய்தவர்களே நினைக்காத வேலை

மூடின ட்ரைவர், கம்பனி நினைச்ச வேலையை மட்டும் செய்ய விடும். திறந்த ட்ரைவர் எழுதுகிற ஆள் கருவியின் உள்ளே இருக்கிற எல்லாக் கதவையும் தட்டிப் பார்ப்பார். தட்டும்போது சில கதவுகள் எதிர்பாராத இடத்துக்குத் திறக்கும்.

2012இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த அன்ரி பலோசாரி என்ற நிரலாளர், றியல்ரெக் நிறுவனத்தின் ஒரு மலிவு ரிவி குச்சிக்கு லினக்ஸ் ட்ரைவர் வேலையில் இருந்தார். அந்தக் குச்சி எஃப்எம் வானொலியை எப்படிப் பிடிக்கிறது எண்டு ஆராய்ந்தபோது, உள்ளே இருக்கிற சிப் வானலையைப் பதப்படுத்தாமல் அப்படியே எண்களாகக் கொம்பியூட்டருக்கு அனுப்பக்கூடியது எண்டு கண்டுபிடித்தார். அதன் அர்த்தம், 20 டொலர் அளவில் விற்ற ஒரு ரிவி குச்சி, மிக அகன்ற அலைவரிசைகளைக் கேட்கக்கூடிய வானொலி ஆய்வுக் கருவியாக மாறலாம் என்பது. ஒஸ்மோகொம் குழுவினர் அதற்கு மென்பொருள் எழுதினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க மாணவர்கள் அந்தக் குச்சியை வைத்து விமானங்கள் அனுப்புகிற இருப்பிடச் செய்திகளை வாசித்தார்கள், வானிலைச் செய்மதிகள் அனுப்பின மேகப் படங்களை வீட்டு மொட்டை மாடியில் இறக்கினார்கள்.

கசெற் விசயத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. கொனெக்ஸன்டின் சிஎக்ஸ்2388 வகைச் சிப் இருக்கிற பழைய கார்ட்களுக்கு ‘சிஎக்ஸ்ஏடிசி’ எண்டு ஒரு திறந்த மூல ட்ரைவர் இருக்கு. அது கார்ட்டை ரிவி கார்ட்டாகவே பாவிப்பதில்லை. டெக்கின் ஹெட் நாடாவில் இருந்து வாசிக்கிற மூலச் சிக்னலை, டெக்கின் மற்றச் சுற்றுகள் அதைப் படமாக்குவதற்கு முதலே, நேராகப் பதிந்து எடுக்கும். மிச்ச வேலையை, அதாவது டெக் செய்யவேண்டிய வேலையை, ‘வீஎச்எஸ்-டிகோட்’ என்ற திறந்த மூல மென்பொருள் கொம்பியூட்டரில் செய்கிறது. டெக்கில் மிச்சம் எது பழசாகிப் பழுதாகியிருந்தாலும் ஹெட்டும் நாடா ஓடுகிற பகுதியும் நல்லா இருந்தால் படம் எடுக்கலாம். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வந்தால், கசெற்றைத் திருப்பி ஓட்டாமல், பதிந்த சிக்னலில் இருந்தே இன்னும் நல்ல படம் எடுக்கலாம். குப்பைக்குப் போகவிருந்த கார்ட் இந்த வேலைக்கு இப்ப தேடப்படுகிற சாமான்.

நியாயமான மறுப்புகள்

“இப்ப வாற எச்டிஎம்ஐ கப்சர் கருவிகளுக்கு ட்ரைவரே தேவையில்லை, செருகினால் ஓடுது. பிறகென்ன?” எண்டு கேப்பீங்கள். உண்மை. ஏன் ஓடுது எண்டு பாருங்கோ. 2003இல் யூஎஸ்பி வீடியோவுக்கு ஒரு பொதுத் தரம் வெளியிட்டார்கள். அதைப் பின்பற்றுகிற எந்தக் கமராவும் எந்தக் கப்சர் கருவியும் ஒரே பாஷையில் கதைக்கும். ஒரே ட்ரைவர் எல்லாத்துக்கும் போதும். லினக்ஸில் அந்த ட்ரைவர் 2008இல் இருந்து இருக்கு. கருவி கதைக்கிற பாஷை வெளிப்படையாக இருந்தால் பெட்டி நீண்டகாலம் வாழும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இது என் பக்கத்துக்கான ஆதாரம்.

“திறந்த மூல ட்ரைவர் எண்டால் படம் வரும், சத்தம் வராது, மண்டை காயும்.” இதிலும் உண்மை இருக்கு. பல கார்ட்களில் சத்தத்தைச் சரிக்கட்டுவது இண்டைக்கும் தலையிடிதான். சில கார்ட்கள் பட்டியலில் இருந்தும் பாதிதான் வேலை செய்யும். கம்பனியின் ட்ரைவர் ஓடுகிற காலத்தில் வடிவாக ஓடும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேணும். ஆனால் அது ஓடாமல் போகிற நாளில் உங்களுக்கு ஒரு வழியும் இல்லை. மற்றதில் பிழை எங்கே எண்டு பார்க்கலாம், இன்னொருத்தரைக் கேட்கலாம், காசு கொடுத்தென்றாலும் திருத்துவிக்கலாம்.

“அப்ப முழுக்கத் திறந்ததா?” அதுவும் இல்லை. சில ட்யூனர் சிப்புகளுக்கு, இயங்கத் தொடங்கும்போது ஏற்றவேண்டிய ‘ஃபேர்ம்வெயார்’ எண்டு ஒரு பைல் வேண்டும். அது மூடின சாமான். எக்ஸ்சி3028 என்ற ட்யூனருக்கு, விண்டோஸ் ட்ரைவருக்குள் இருந்து அந்தப் பைலை வெட்டி எடுக்கிற ஒரு சிறு நிரலையே லினக்ஸ்காரர்கள் எழுதி வைக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தாலும் ஒரு அலுமாரி பூட்டியே இருக்கிற நிலைமை.

இவை எல்லாத்தையும் விடப் பெரிய பலவீனம் ஆள் பற்றாக்குறை. திறந்த மூலம் எண்டால் தானாக உயிரோடு இருக்கும் எண்டு அர்த்தமில்லை. பிடிடிவிக்கு 2023இல் ஒரு ஆள் வந்தது; வராமலும் போயிருக்கலாம். சோதித்துப் பார்க்கக் கார்ட் இருக்கிற ஆட்கள் இல்லாவிட்டால் ட்ரைவரைப் பராமரிக்க ஏலாது, ஒரு நாள் நீக்கத்தான் வேண்டும். அப்ப ‘திறந்திருக்கு’ என்பது எங்களுக்கு ஒரு வாய்ப்பு. பாவிக்காமல் விட்டால் அதுவும் போகும்.

என்ன செய்யலாம்?

நான் பெரிய புரட்சி ஒண்டும் கேக்கேல்ல. நாலே நாலு விசயம்.

முதலாவது, வாங்கும்போது சிப் எது எண்டு கேளுங்கோ. கடைக்காரருக்குத் தெரியாது, பறவாயில்லை. செருகின உடன ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் தன்ர அடையாள எண்ணைச் சொல்லும்; அதை வைத்து அந்தச் சிப்புக்கு லினக்ஸ் கேர்னலில் ட்ரைவர் இருக்கா எண்டு பார்க்கலாம். இருந்தால் அந்தக் கருவி உங்களோடு கனகாலம் இருக்கும்.

இரண்டாவது, லாச்சியைத் திறந்து கிடக்கிறதை எடுத்து ஒருக்காச் செருகிப் பாருங்கோ. யூஎஸ்பி குச்சியில் லினக்ஸைப் போட்டு ஓட்டினால் உங்கட விண்டோஸுக்கு ஒண்டும் நடக்காது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், என்ன நடந்தது எண்டு வடிவாக எழுதி ட்ரைவரைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்புங்கோ. அந்த நூற்றைம்பது வரிப் பட்டியல் அப்படித்தான் வந்தது. அதுக்கு சி மொழி தெரியத் தேவையில்லை. தெரிஞ்ச கம்பஸ் பிள்ளைகளுக்கு, கடைசி வருசத்துக்கு இன்னொரு ‘நூலக முகாமைத்துவ சிஸ்ரம்’ செய்கிறதை விட, பூட்டிக் கிடக்கிற ஒரு சிப்பின் பாஷையைப் படிப்பது நல்ல வேலை.

மூன்றாவது, பள்ளிக்கூடங்கள், கோயில் சபைகள், சனசமூக நிலையங்கள், ஆவணப்படுத்துகிற அமைப்புகள் கருவி வாங்கும்போது ‘லினக்ஸ் கேர்னலிலேயே ட்ரைவர் இருக்க வேண்டும்’ எண்டு ஒரு வரியைக் கேள்விப்பத்திரத்தில் போடட்டும். 2005இல் இருந்து நூலகம் திட்டம் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இலக்கமாக்கி எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அச்சில் வந்ததைக் காப்பாற்ற எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அசைகிற படத்துக்கு அந்தப் பழக்கம் இன்னும் வீட்டுக்கு வீடு வரவில்லை.

நான்காவது, கசெற்றை ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்து மாத்தினாலும் பரவாயில்லை. ஆனால் டீவிடியில் அடிச்சுத் தாறதோட திருப்திப்படாதேங்கோ. ‘பால்’ படத்தைச் சுருக்காமல் எடுத்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 20 மெகாபைட். மூன்று மணித்தியாலக் கசெற்றுக்கு 200 ஜிகாபைட்டுக்கு மேல் போகும். டீவிடியில் அது 4.7 ஜிகாபைட்டுக்குள் நசுங்குது. தரம் குறையாமல் சுருக்கும் திறந்த மூல முறைகள் இருக்கு. அந்தப் பைலையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கோ.

இதில் எது எதை இப்ப செய்யாவிட்டாலும் பத்து வருசம் கழிச்சுச் செய்யலாம் எண்டு நினைச்சால், ட்ரைவர் அப்பவும் இருக்கக்கூடும். டெக் இருக்குமா தெரியாது. நாடா இருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரிக்கு மேல ஏறி, முதல்ல ஒரு கசெற்றை இறக்கித் தூசு தட்டுங்கோ.